லெசோத்தோவுக்கு ஓர் ஆள் போதும்

இந்த ஒரு பயணமாவது தனியாகப் போய்வருவது என்று கௌஸ் முகைதீன் தீர்மானம் செய்தார். சாதாரணத் தீர்மானம் இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிச் செய்த தீர்மானம். வீட்டில் அவர் சுதந்திரமாகப் பேசக்கூடிய ஒரே இடம் அதுதான்.

துபாய் சத்வாவில், 'காக்கா' என்று அவர் கூப்பிடும் அண்ணன் செய்கு அலாவுதீனோடு சேர்ந்து அவர் கம்பளிக் கடை நடத்தினார். ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் திணித்துக்கொண்டு போகும் பூப்போட்ட கம்பளி. சிநேகிதன் இர்ஷாத்துக்கோ ஆப்பிரிக்காவின் தென்பக்கம், லெசோத்தோ என்ற குட்டி நாட்டில் ஜவுளிக்கடை. "இங்க ஜனங்க சட்டைக்கு மேல கம்பளியப் போத்திக்கிட்டுத்தான் நடமாடுறாங்க. சாம்பிளோட வாங்க" என்று அவன் அழைத்ததும், அண்ணன் இரண்டு பேருக்கு டிக்கெட் போடச் சம்மதித்தார்.

"ஜன்னத்தையும் கூட்டிட்டுப் போ. கலர் பாக்கத் தெரிஞ்ச புள்ள."

அங்கேதான் சிக்கல். ஓமானில் உள்ள சலாலாவுக்கு உல்லாசமாகப் போனபோதுகூட, மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் அருவியைப் பார்த்தாள்; அவர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டார்.

'வராதே' என்றால் கட்டாயம் வருவாள். 'வரல' என்று அவள் வாயாலேயே வர வேண்டும். இர்ஷாத் ஃபோனில் சொன்ன பயண யோசனைகளில் கொஞ்சம் பயத்தைக் கலந்து, தினம் ஒன்றாகப் பரிமாற ஆரம்பித்தார்.

"ஜன்னத், ஜூலையில அங்க கடுங்குளிராம். மலையில பனி கொட்டுமாம்."

ஏசி பழுதாகி, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கியவள் நிமிர்ந்தாள்.

"பனியா? மச்சான், இன்னொரு தடவை சொல்லுங்க. கேக்கவே குளுகுளுன்னு இருக்கு."

மறுநாள், "நாட்டச் சுத்தி நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா. தப்பிச்சு ஓடக்கூட வழி கிடையாது" என்றார்.

"நான் எதுக்கு ஓடுறேன்?"

"ரோடெல்லாம் கொண்டை ஊசி வளைவு. மேப்புல பக்கத்து ஊரா தெரியும், போய்ச் சேரப் பொழுது சாஞ்சிடும். அவசரப்பட்டா அதோகதிதான். அதுக்கு மேல குதிரையிலதான் போகணும்."

"கடிக்குமா?"

"உதைக்கும்!"

"பின்னாடி நிக்கிறவங்களத்தானே உதைக்கும்? நான் மேலேல்ல உக்காந்திருப்பேன்."

"அந்த ஊரு காசு லோட்டி. எல்லை தாண்டிட்டா எவனும் வாங்க மாட்டான். முழுசாச் செலவழிச்சிட்டுத்தான் கிளம்பணும்."

"மிச்சம் வைக்க நான் என்ன உங்கள மாதிரியா?"

கௌஸ் தளரவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"உசரமான ஊரு ஜன்னத். மூச்சு முட்டும். சுகர், பிரஷர், முட்டிவலி உள்ளவங்க கிட்டயே போகக் கூடாதாம். டாக்டரே சொன்னாரு."

அன்றும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கத்தி நின்றது.

"நெசமாவா மச்சான்? அப்ப வேணாம். எனக்குப் பயமா இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்று சாயங்காலமே போய்த் தோல் ஜாக்கெட் வாங்கினார். கண்ணாடிக்கு முன்னால் நின்று, அந்த ஊர் வணக்கமான 'டுமேலா'வைச் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

முந்திய நாள் வாங்கிய ஜாக்கெட்டைக் காட்டக் கடைக்கு அவர் எடுத்துப் போனபோது, அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜன்னத் ஃபோன்ல ஒரே அழுகை. சுகர் உனக்கு. பிரஷர் உனக்கு. முட்டிவலியும் உனக்கு. அந்தப் புள்ளைக்குத் தடுமங்கூடக் கிடையாது. நீ போக வேணாம்."

"காக்கா, அது... அவ்வளவு உசரமில்லையாம்."

"டாக்டரே சொன்னாராமே?"

கௌஸுக்குத் துபாயிலேயே மூச்சு முட்டியது.

"உனக்குப் பதிலா ஜன்னத்தோட உன் மதினி ஷஹீரா போறா. போன வாரமே விசா எடுத்தாச்சு."

"போன வாரமா? நான் மூச்சு முட்டும்னு சொன்னதே நேத்துத்தானே காக்கா!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஜன்னத் எடுக்கச் சொல்லிச்சு, எடுத்தேன். கலாஸ், முடிஞ்சிச்சு."

விமான நிலையத்தில் ஜன்னத் கணவரின் தோல் ஜாக்கெட்டில் கச்சிதமாக இருந்தாள். ஷஹீராவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போகப் போனவள், திரும்பி வந்தாள்.

"மச்சான், சொல்ல மறந்துட்டேன். ஒரு வாரம்னு இருந்தத ஒரு மாசமா மாத்திட்டோம். மலை ரோட்டுல அவசரப்படக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கண்ணாடிக் கதவு மூடியது. அண்ணன் அவர் தோளைத் தட்டினார்.

"யல்லா தம்பி, போய்க் கடையத் தொறக்கணும்."