டிரைவரும் டிரைவும்

'எதுக்கும் ஒரு சைஸ் பெரிசாவே வாங்கிடு' என்று சொல்லும் ஓர் இனம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. கடையில் நாம் பணப்பையைத் திறக்கும் நேரம் பார்த்து, யாரும் அழைக்காமலே பின்னால் வந்து நிற்கும். அளவு என்ன என்று கேட்காது. அளவு கேட்பவன் கோழை.

எங்கள் வால்யேவோ ஊரில் இந்த இனத்தின் தலைமகன் ஸ்பாசொயே. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். நாற்பத்து மூன்று நம்பர் காலுக்கு நாற்பத்தைந்து நம்பர் பூட்ஸ் வாங்கி, முனையில் செய்தித்தாள் திணித்துக்கொள்வார். குட்டி மொபெட்டுக்கு லாரி பேட்டரி கட்டி, அதன் கனத்தில் வண்டி சாய, வண்டியோடு சேர்ந்து இவரும் சாய, எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "ஆனா ஸ்டார்ட் ஆச்சு பாத்தியா?" என்பார். ஆகும். ஓடியதா என்றா கேட்டோம்?

இவருடைய தங்கை கணவர் ராதேன்கோ, மூடிவிட்ட தொழிற்பள்ளி ஒன்றிலிருந்து மரம் கடையும் லேத் ஒன்றை வாங்கிப் போட்டார். ஊரில் திறக்கவிருந்த புது மதுக்கடை ஒன்று அவரிடம் முப்பது முக்காலி கேட்டிருந்தது. ஆக, தொண்ணூறு கால். சனிக்கிழமை கடை திறப்பு. லேத்தின் மோட்டார் த்ரீ பேஸ். பட்டறைக்கு வருவதோ சிங்கிள் பேஸ். நடுவில் ஒரு டிரைவ் வேண்டும்: ஒரு பேஸை வாங்கி மூன்றாக்கிக் கொடுத்து, மோட்டாரின் வேகத்தையும் கூட்டிக் குறைக்கிற மின்பெட்டி.

"டிரைவா?" ஸ்பாசொயேவின் கண்கள் விரிந்தன. "முப்பது வருஷம் டிரைவரா இருந்தவன் நான். எங்கிட்ட விடு மச்சான்."

மின்சாமான் கடைக்காரப் பெண் போர்யான்கா ஒரே மூச்சில் கேட்டாள்: "மோட்டார் தகட்டுல எத்தனை ஆம்பியர் போட்டிருக்கு? பட்டறைக்கு எந்த பேஸ் வருது? என்ன மெஷின் ஓடப்போகுது?"

"ஏம்மா, டிரைவ் விக்கிறியா, பொண்ணு பாக்குறியா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாது என்பது அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியதுதான். உறுத்தினால் என்ன? பெரிசா வாங்கிவிட்டால் எல்லாக் கேள்விக்கும் அதுவே பதில்.

புதன்கிழமை காலை, பழைய மாவுமில்லில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பதினைந்து கிலோவாட் டிரைவ் வந்து இறங்கியது. மோட்டாரோ ஒன்றரை கிலோவாட். இரண்டு பேர் தூக்கினார்கள், மூன்றாவதாக ஸ்பாசொயே, "மெதுவா! மெதுவா!" என்று குரல் கொடுத்தார். சுவரில் மாட்டினார்கள். வயரைக் கொடுத்தார்கள். ஒரு சிவப்பு விளக்கு இரண்டு தடவை கண்ணடித்துவிட்டு அணைந்தது.

"மோட்டாரைத் தேடுது," என்றார் ஸ்பாசொயே. "இத்தனூண்டு மோட்டார் அது கண்ணுக்கே தெரியல மச்சான். பெரிய மோட்டாரா மாத்திரு."

"பெரிய மோட்டார் போட்டா லேத் உடைஞ்சுடுமே?"

"அப்போ பெரிய லேத்து."

"பட்டறைக்குள்ள புகாதே!"

"பட்டறையை இடி. எத்தனை நாளா சொல்றேன், இது சின்னதுன்னு?"

தங்கை தெசான்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாலாடைக்கட்டி வெட்டும் கத்தியை எடுத்துவந்து, மோட்டார் தகட்டின் மேல் பிசின்போல் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டினாள். இருநூற்று முப்பது வோல்ட்டுக்கு ஆறு புள்ளி இரண்டு ஆம்பியர். அடுத்து, பெட்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள்.

"அண்ணே, உன் பெட்டிக்கே மூணு பேஸ் வேணுமாம். எங்ககிட்ட இருக்கிறது ஒண்ணு. உள்ளூர் பஸ்ஸுல ஏறி விமானம் ஓட்டப் பாக்குறே."

'பாதிப் புதன் போச்சு' என்று மச்சான் மெல்ல முனகியது காதில் விழுந்தபோது, அந்த நாற்பத்தைந்து நம்பர் பூட்ஸுக்குள் ஸ்பாசொயேவின் கால்கள் இன்னும் சுருங்கிப்போனதுபோல் இருந்தது.

தெசான்கா போர்யான்காவிடம் போனாள். மூன்று கேள்வி, மூன்று பதில்.

"மரம் கடையிறதுக்குத்தானே? ஆறு புள்ளி ரெண்டுக்கு ஏழரை ஆம்பியர் டிரைவ் போதும்க்கா. சிங்கிள் பேஸ்லயே ஓடுற மாடல். மோட்டாருக்குள்ள இருக்கிற வயர் இணைப்பை மட்டும் டெல்டாங்கிற முறைக்கு மாத்திக் கட்டச் சொல்லுங்க. தகட்டுல இருக்கிற ஆம்பியரை மறக்காம பெட்டில பதிஞ்சிடுங்க. அப்பத்தான் மோட்டார் சூடாகி எரியாம அது பாத்துக்கும்."

ஏழரை என்றதும் நாம் நவக்கிரகக் கோயிலுக்கு ஓடுவோம். தெசான்காவுக்கோ சனியைக் கரையேற்ற வந்ததே அந்த ஏழரைதான். சின்ன பிரெட் அளவுப் பெட்டி. கைப்பையில் போட்டு எடுத்துவந்தாள். அன்று மதியமே லேத் பூனைபோல் முனகிக்கொண்டு சுற்றியது. வெள்ளி மாலைக்குள் தொண்ணூறு காலும் தயார். ராதேன்கோ ஆனந்தத்தில், மூலையில் நின்ற மச்சானைக் கட்டிப்பிடித்தார்.

ஸ்பாசொயே அந்தப் பிடியிலிருந்து விலகி, தங்கையைப் பார்த்துக் கேட்டார்: "தகட்டுல எவ்வளவு?"

"ஆறு புள்ளி ரெண்டு."

"பெட்டி எவ்வளவு?"

"ஏழரை."

"நான் என்ன சொன்னேன்? ஒரு சைஸ் பெரிசு!"

தெசான்கா கத்தியைத் தேடினாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே ஒருமுறை உங்கள் வீட்டுப் பரணையும் எட்டிப் பாருங்கள்: இரண்டு பேர் இருக்கிற வீட்டில் நாற்பது இட்லி வேகும் பாத்திரம் யாருக்காகக் காத்திருக்கிறது? ஏறிப் பார்க்க ஏணிக்கும் பஞ்சமில்லை. இருக்கிறதே, மூன்று மாடிக்கு எட்டுகிற ஏணி, உங்கள் ஒற்றை மாடி வீட்டின் பின்புறம், மதிலுக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டு!