என் மாத்திரை டப்பாவும் நம் சொந்தக்காரர்களும்

சஃபோட்டு, சவாயி தீவு, சமோவா
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி இயோசெஃபோவுக்கு,

நீயும் மலியாவும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். நான் நலமாயில்லை. உங்கள் மகள் கல்யாணத்துக்கு ஆக்லாந்து வருவேனா என்பதே சந்தேகம். அதற்குக் காரணம் நான் அல்ல.

வெள்ளிக்கிழமை நர்ஸ் லோசா எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள், நம்பாமல் இரண்டையும் திரும்பப் பார்த்தாள். "அத்தை, ரெண்டுமே ஏறிக் கிடக்கு. ஒண்ணு மட்டும்னாலே ஆபத்து. ரெண்டும் சேர்ந்தா இதயத்துலயும் கிட்னியிலயும் கை வெச்சிடும். இப்படியே இருந்தா டாக்டர் உங்களை விமானத்துல ஏற விடமாட்டார். மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் மணியோசைக்கு எழுந்து வளர்ந்தவளிடம் இந்தக் கேள்வி. இருந்த நாளெல்லாம் தவறாமல் போட்டேன் என்றேன்.

"இருந்த நாளா? மாசம் முழுக்கக் குடுத்தேனே, எங்க போச்சு?"

எங்கே போகும்? நம் தெலேசியா மீன் கொண்டுவந்தாள், அவளை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா, டாரோக் கிழங்கு எடுக்க எழுந்தால், "கிழங்கெல்லாம் வேணாம் அக்கா, தலை கிறுகிறுங்குது, அந்த வெள்ளை மாத்திரையில கொஞ்சம் குடுங்க" என்கிறாள். ஞாயிறு விருந்துக்கு வரும் உபதேசியாரோ, "பன்னி இன்னிக்கு நல்ல கொழுப்பு, முன்னாடியே ஒண்ணு போட்டுக்கிட்டா பயமில்லாம சாப்பிடலாம்" என்று கையை நீட்டுகிறார். உணவுக்கு ஜெபித்த கையோடு மாத்திரைக்கும் சிலுவை போடுகிறார். என் கணவர் இந்த ஊருக்குத் தலைவராயிருந்தவர். அவர் வீட்டில் கேட்டவருக்கு இல்லை என்ற சொல் இதுவரை எழுந்ததில்லை.

"அது உங்க உசுரு அத்தை. பங்கு போட அதென்ன பன்னிக்கறியா?" என்றாள் லோசா.

"தெலேசியா யாரு? உன் மாமியார்தானே?" என்றேன்.

லோசா தன் பதிவேட்டைப் புரட்டினாள். பிறகு, "அதான் இந்த மாசம் அவங்க மருந்து வாங்க வரவே இல்ல" என்றாள்.

புது மாத்திரை கொடுத்திருக்கிறாள். அடுத்த சோதனையில் இரண்டும் இறங்கினால்தான் எனக்குப் பயணம். டப்பாவைப் பெட்டியில் பூட்டி, சாவியை மாதா பதக்கத்தோடு கழுத்தில் போட்டிருக்கிறேன். இனி யார் கேட்டாலும் முகத்துக்கு நேரே இல்லை என்பேன், ஆயரே வந்தாலும் சரி. மலியாவிடம் சொல், உப்புக்கறி டின் இனி அனுப்ப வேண்டாம். அதையும் உபதேசியார்தான் தின்கிறார்.

மணப்பெண்ணுக்கு என் ஆசி. உங்கள் வீட்டில் ஜெபமும் சமாதானமும் குறையாதிருக்கட்டும்.

உன் அக்கா,
ஃபிலோமெனா

பி.கு.: உறையை ஒட்டும் முன் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். உனக்கும் அழுத்தம் ஏறியிருக்கிறது, அங்கே தரும் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். பெண்ணின் அப்பா கோயிலில் நேராக நிற்க வேண்டாமா? என்னுடையதில் பாதியைக் கைக்குட்டையில் முடிந்து இத்துடன் வைத்திருக்கிறேன். லோசாவுக்குத் தெரிய வேண்டாம். நீ கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லையே.