சோபாவிலிருந்து ஒரு கடமான் வேட்டை

இந்த வருஷம் ஒரு கடமானையாவது சுட்டு வீழ்த்தாமல் தாடியை மழிப்பதில்லை என்று ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சபதம் எடுத்தேன். காலைச் சாப்பாட்டு மேஜையில், எழுந்து நின்று, கையில் வெண்ணெய்க் கத்தியோடு.

"ஏற்கெனவே பார்க்கச் சகிக்கலை. வேற சபதம் எதுவும் கிடைக்கலையா?" என்றாள் என் மனைவி.

அவள் பேர் சீவ். ஸ்வீடனில் தெருவுக்கு நாலு சீவ் இருப்பார்கள், சாதாரணப் பேர்தான். ஆனால் ஆளைச் சீவுகிற சீவ் எனக்குத்தான் வாய்த்தாள்.

நான் சபதம் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வடக்கத்தி ஊரில் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வேட்டை தொடங்கும். அன்றைக்குக் கடை கிடையாது, பஸ் கிடையாது. பாதிரியார்கூடத் துப்பாக்கியோடு காட்டில்தான் இருப்பார். அந்த வாரம் ஒரு ஆண்பிள்ளை வேட்டைக் குழுவில் சேராமல் தெருவில் நடந்தால், 'என்னப்பா, உடம்பு சரியில்லையா?' என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி வரும் போலிருந்தது.

போன வருஷம் என்னை ஒரு மேட்டில் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். குதிரை உயரத்தில், தலையில் ரெண்டு மண்வாரியைக் கவிழ்த்த மாதிரி கொம்போடு, ஒரு கடமான் வந்து எதிரே நின்றது. நான் அப்போது பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்தது. காப்பியைப் பார்த்தது. போய்விட்டது. அதற்கு முந்தின வருஷம் ஒரு மரக்கட்டையைக் கடமான் என்று நினைத்துச் சுட்டேன். அதுவும் படவில்லை.

இத்தனைக்கும் நான் ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன்.

"ஹோல்கர், உன் கடையிலேருந்து ஒண்ணை எடுத்து நீயும் மாட்டிக்கோயேன்" என்றான் எவர்ட். அவன்தான் குழுத் தலைவன். பக்கத்து வீடு. மர அறுவை ஆலையில் மேஸ்திரி. எனக்கும் சீவுக்கும் அவன் பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். "பசங்க எல்லாம் முணுமுணுக்கறாங்கப்பா. வேட்டைக்கு முந்தின சனிக்கிழமை உன் வீட்டுக்கு வரேன். ஏதாவது முன்னேற்றம் காட்டு. இல்லேன்னா இந்த வருஷம் உன் இடம் வேற ஆளுக்கு."

அன்றைக்கே டவுனுக்குப் போய் ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தேன். வேட்டை கேம். "அசல் காடு மாதிரியே இருக்கும் சார்" என்று கடைக்காரன் சொன்னான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் பொய் சொல்லவில்லை. அசல் காட்டில் எனக்கு என்ன நடக்குமோ அதேதான் இங்கேயும் நடந்தது.

டிவியில் காடு விரிந்தது. பாசி, பிர்ச் மரம், தூரத்தில் ஏரி, மெல்லிய தூறல். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. நான் சோபாவில் உட்கார்ந்து நடந்தேன். நடந்தேன். இன்னும் நடந்தேன்.

"என்ன சுட்ட?" சமையலறையிலிருந்து சீவ்.

"இன்னும் நடந்துக்கிட்டிருக்கேன்."

"நிஜமா நடந்தாலாவது தொப்பை குறையும்."

"ஷ்ஷ்! எதையோ கண்டுபிடிச்சுட்டேன்!"

"என்ன?"

"புழுக்கை."

அவள் உருளைக்கிழங்கும் கத்தியுமாக வந்து நின்றாள்.

"காசு கொடுத்து வாங்கினது இதுக்கா?"

"இது சாதாரணப் புழுக்கை இல்லை சீவ். போட்டுப் பத்து நிமிஷம்தான் ஆகுதுன்னு டிவியிலேயே போட்டிருக்கான் பாரு."

"நல்லா இரு. கல்யாணத்தன்னிக்குக்கூட உன் முகத்துல இவ்வளவு சந்தோஷம் நான் பார்க்கலை."

நான் புழுக்கையைப் பின்தொடர்ந்தேன். புதருக்கு அப்பால் ஒரு காது அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கினேன். காது விருட்டென்று மறைந்தது.

"காத்து உன் முதுகுப் பக்கமிருந்து அடிக்குது. உன் வாடை அதுக்குப் போயிடுச்சு" என்றாள் சீவ், கிழங்கைச் சீவிக்கொண்டே.

"கேம்ல எனக்கு ஏது வாடை?"

"நிஜத்துல இருக்கிறது கேம்லயும் இருக்கும்னுதானே விக்கறான். புல்லு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு முதல்ல."

பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்கு ரோஷம்தான் வந்தது.

ஒரு வாரம் இப்படியே போனது. ஓடினால் சத்தம் கேட்டு ஓடியது. உட்கார்ந்தால் வரவே இல்லை. ஒரு தடவை தும்மினேன். டிவியில் இருந்த மான் ஓடிவிட்டது. அது தற்செயல் என்று சீவ் ஒத்துக்கொள்ளவே இல்லை.

கடைசியில் ஒரு நாள் மாலை ஏரிக்கரையில் ஒரு கடமான் வந்து நின்றது. கொம்பில்லாதது. காற்று என் முகத்தில். சுட்டேன். விழுந்தது. நான் சோபா மேல் ஏறிக் கூத்தாடினேன்.

அப்போது புதரிலிருந்து குட்டி வந்தது.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி இது. குட்டியோடு இருக்கிற தாயைத் தொடக்கூடாது. தாயில்லாத குட்டி பனிக்காலத்தைத் தாண்டாது. அந்தக் கேமைச் செய்த பாவி இதையும் விடாமல் செய்திருந்தான். குட்டி தாயைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூக்கால் முட்டியது. ஒரு குரல் கொடுத்தது.

நான் சோபாவிலிருந்து இறங்கினேன். டிவியை அணைத்தேன். சாப்பாட்டில் எனக்குப் பிடித்த பன்றிக்கறித் தொத்திறைச்சி இருந்தும் ஒரு வாய் இறங்கவில்லை.

"பொம்மைதானே ஹோல்கர்" என்றாள் சீவ். அன்றைக்கு மட்டும் அவள் என்னைச் சீவவில்லை. என் முதுகில் கையை வைத்தாள். "உனக்கு இது சரிப்படாதுப்பா. விட்டுடேன்."

"விட்டுட்டு? திங்கட்கிழமை பூரா ஊர்ல யார்கூடப் பேசறது, தபால்பெட்டிகூடவா?"

விட்டிருக்கலாம். இன்றைக்கும் அந்தக் குட்டியை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது. எவர்ட் வருகிறவரை நான் கேமில் எதையும் சுடவில்லை. போட்டுப் பார்க்க மட்டும்தான் செய்தேன். பார்த்தபோதுதான் அந்த அதிசயம்.

கேமில் நமக்கென்று ஒரு மரவீடு உண்டு. சுட்ட கொம்புள்ள மான்களின் தலையெல்லாம் அதன் சுவரில் மாட்டியிருக்கும். என் சுவர் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், சுவர் முழுக்கக் கொம்பு! ஆளை விழுங்குகிற மாதிரி ஏழெட்டு ஆண் கடமான். ஒவ்வொன்றும் ஒரே குண்டில் வீழ்ந்தது என்று கீழே எழுதியிருந்தது.

யார் சுட்டது? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. இயந்திரத்தில் ஏதோ கோளாறு, என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். எவர்ட் நாளைக்கு வருகிறான், சுவரைக் காட்டினால் தீர்ந்தது.

சனிக்கிழமை எவர்ட் வந்தான். சுவரைப் பார்த்தான். கையிலிருந்த இலவங்கப்பட்டை பன் பாதி வாயில் நின்றது.

"அடப்பாவி! இதெல்லாம் நீயா?"

"ஏதோ, பொழுது போகாம சுட்டது" என்றேன், தாடியைத் தடவிக்கொண்டே.

"எல்லாம் ஒரே குண்டு! ஹோல்கர், உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்யா. எங்கே, என் கண்ணு முன்னாடி ஒண்ணு சுடு. பசங்ககிட்ட நான் பார்த்தேன்னு சொல்லணும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கேம் ரிமோட்டைக் கையில் எடுத்தேன். வேர்த்தது. புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஞாபகமாகப் பார்த்தேன். காட்டின் ஓரத்தில் ஒரு பெரிய கொம்பன், அசையாமல் நின்றது. கடவுள் இருக்கிறார் என்று குறி பார்த்தேன்.

காப்பித் தட்டோடு சீவ் உள்ளே வந்தாள்.

"நல்லபடியா சுடு, ஹோல்கர்! உனக்கு அதிர்ஷ்டம் கூடவே வரட்டும்!" என்றாள், தேனாக.

எவர்ட் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

எங்கள் பக்கத்தில் வேட்டைக்குப் போகிறவனைப் பார்த்து 'உன் வேட்டை நாசமாப் போகட்டும்' என்றுதான் சொல்ல வேண்டும். சம்சாரம் சொல்வாள், பாதிரியார் சொல்வார், எதிரிகூட அன்பாகச் சொல்வான். நல்லது நடக்கட்டும் என்று ஒரு வார்த்தை வாய் தவறிச் சொல்லிவிட்டால், அன்றைக்குத் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் விரல் தானாக அழுத்தியது. குண்டு ஏரியில் விழுந்தது. கொம்பன் மட்டுமல்ல, அந்தக் கரையில் இருந்த வாத்துகளும் கிளம்பிப் போய்விட்டன.

"என்ன சீவ் இது! வேட்டைக்காரன் மகள் நீ, இப்படிச் சொல்லலாமா?" எவர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயய்யோ, வாய் தவறிடுச்சு" என்றாள். முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. தட்டை வைத்தாள். என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். நின்றபடியே ஏரியைச் சுற்றி, காற்றுக்கு எதிராக வளைந்து போய், ஓடிப்போன அதே கொம்பனை மரத்தடியில் பிடித்தாள். ஒரே குண்டு. சுவரில் இன்னொரு தலை ஏறியது.

எவர்ட் சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, அந்த மட்டில் அவன் நல்லவன்.

"பதினெட்டு வயசுல எங்க எல்லாரையும்விட நல்லாச் சுட்டவ நீ" என்றான் மெதுவாக. "மறந்தே போச்சு."

"உரிமம்கூட இன்னும் இருக்கு. நான் மறக்கலை."

"அப்போ ஹோல்கரோட இடம்..."

"அவனோட இடமா?" சீவ் திரும்பினாள். "எவர்ட், நம்ம குழுவுல இடம் எப்படிக் கிடைக்கும்? காடு இருக்கிறவங்களுக்குத்தானே? ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காடு யார் பேர்ல இருக்கு?"

காடு அவள் அப்பாவுடையது. அவர் போனதும் அவளுடையது. துப்பாக்கிகூட அவருடையதுதான்.

"இத்தனை வருஷமா என் காட்டுல, என் அப்பா நின்ன மேட்டுல நின்னு காப்பி குடிச்சுட்டு வந்திருக்கே" என்றாள் என்னிடம். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "குழந்தைங்க சின்னதா இருந்தப்போ நான் வீட்டுல இருந்தேன், சரி. அவங்க வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போயாச்சு. ஒரு தடவையாவது 'சீவ், நீ போறியா'ன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் வெட்கக்கேடு. ஒவ்வொரு செப்டம்பரும் அவள் வாசலில் நின்று, என் பிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்து, என் வேட்டை நாசமாகப் போகட்டும் என்று வாழ்த்தி அனுப்பியிருக்கிறாள். அந்த மேட்டை அவள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாளோ, நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

"நீ போ சீவ்" என்றேன். "நீதான் போகணும். என்னை மன்னிச்சுடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். எவர்ட் பன்னை முழுங்கிவிட்டு, திங்கட்கிழமை அஞ்சு மணிக்கு வண்டி வரும் என்று அவளிடம் சொன்னான்.

"அப்போ நான்?" என் குரல் எனக்கே பாவமாக இருந்தது. "திங்கட்கிழமை ஊர்ல நான் ஒருத்தன் மட்டுமா?"

எவர்ட் தாடையைச் சொறிந்தான். "துப்பாக்கி இல்லாத வேலை ஒண்ணு இருக்கு. காட்டுக்கு அந்தக் கோடியிலேருந்து உள்ளே வந்து, கடமானையெல்லாம் கலைச்சு, நாங்க நிக்கிற பக்கம் விரட்டிவிட ஒரு ஆள் வேணும்."

"வரேன்! வரேன்!" எனக்கு உயிர் வந்தது. "என்ன செய்யணும்? கத்தணுமா? தகரம் தட்டணுமா? இப்பவே பழகிக்கிறேன்."

சீவ் என் தோளைத் தட்டினாள்.

"ஒண்ணும் பழக வேண்டாம், கண்ணு. நீ வழக்கம்போல நடந்துக்கிட்டாலே போதும்."