ஆட்டம் முடியுமுன் ஒரு கைதட்டல்

வலது கை உப்புக் குப்பியை மேசையின் நடுவில் வைக்கிறது. இடது கை இரண்டு எவர்சில்வர் தம்ளர்களை அதற்கு முன்னால் நகர்த்துகிறது. சட்னிக் கிண்ணம் பின்னால் போகிறது. சாம்பார் வாளி கோல் கம்பமாகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்களின் தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. யாரும் தொட முடியாது. இட்லிகள்தான் எதிரணி.

வாசகரே, இந்தக் கைகளை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். மைதானத்திலிருந்து மாடிக்குப் போனவர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைக்கலாம். பாதி ஆயுளை வெயிலில் நின்று பிறரை ஓட வைப்பதில் கழித்துவிட்டு, ஒருநாள் ஏ.சி. அறையும் சுழல் நாற்காலியும் கிடைத்ததும் உட்கார்ந்துகொள்பவர். உடம்புதான் உட்காரும். மற்றதெல்லாம் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றபடியே இருக்கும்.

நம் கைகளுக்கு உரியவர் ராஜஸ்ரீ மேடம், திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துக்காரர். அந்த ஊர்ப் பெண்கள் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்து, அங்கே இருந்த பெண்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கடற்கரைப் பெண் ஜெஸ்லினுக்குக் கணுக்கால் திரும்பும் கோணத்தை மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கத் திருத்தியவர் அவர். சேற்றில் முழங்காலிட்டு, அந்தக் காலைத் தன் கையால் பிடித்து வைத்து, மறுபடியும், மறுபடியும் என்று சொன்னவர். கோப்பை வந்தது. ஜெஸ்லினைப் பெரிய கிளப் ஒன்று கூட்டிக்கொண்டு போனது. அன்று மேடம் கல்லூரி வாசலில் நின்று, பெண்ணைக் கட்டிக்கொடுத்த தாயைப் போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. கோப்பை வாங்கியவரைப் பேசக் கூப்பிடாமல் நம் ஊர் விடுமா? முதலில் ரோட்டரி சங்கம் கூப்பிட்டது; பிறகு ஒரு வங்கி; பிறகு "தலைமைப் பண்பு" என்ற தலைப்பில் ஒரு கல்யாண மண்டபமே நிறைந்தது. அந்த மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதவர் சுந்தரராமன். சாலை என்ற பழைய கடைத்தெருவில் அவருடைய அப்பா வேட்டி துண்டு மொத்த வியாபாரம் செய்தார். மகன் அதே கட்டடத்தின் மேல்மாடிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு சப்ளை செய்யும் கம்பெனி ஆக்கியிருந்தார். பெண்களைப் பந்துக்குப் பின்னால் ஓட வைத்தவர் குமாஸ்தாக்களை ஆர்டருக்குப் பின்னால் ஓட வைக்கமாட்டாரா என்று அவருக்குத் தோன்றியது. ராஜஸ்ரீ மேடம் துணைத் தலைவர் ஆனார். அவர் கால்பட்ட கடைசிப் பந்து கல்லூரி ஸ்டோர் ரூமில் காற்றிறங்கிக் கிடக்கிறது.

இந்த இனம் அலுவலகத்தில் என்ன செய்யும்? முதல் நாளே எல்லாரையும் பதினொரு பேராகக் குறைக்கும். மிஞ்சியவர்களை நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, அவர்கள்தான் அணியின் பலம் என்று சொல்லும். வேலை நடக்கும்போது தான் ஒரு தாளையும் தொடாது. கோச் பந்தைத் தொடக் கூடாது அல்லவா? இரவு மூன்று கோடு போட்ட டிராக்சூட்டை மறக்காமல் மடித்து வைத்துவிட்டு, பகலில் பட்டுப் புடவையில் வந்து, அதே குரலில் "ஸ்பேஸ், ஸ்பேஸ்" என்று கத்தும். கணக்குப் பிரிவு லிங்கம் அதைக் கேட்டுத் தன் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டவர், இன்றுவரை அங்கேதான் இருக்கிறார்.

அந்த அலுவலகத்தில் ஷாலு என்று ஒரு பெண். தற்காலிக வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள். துணியை விரலிடையில் உருட்டி, இது எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவாள். நாகர்கோவில் ஆஸ்பத்திரி ஒன்றின் விரிப்பு ஆர்டரை முடித்துவிட்டால் நிரந்தரம் என்று சுந்தரராமன் வாக்குக் கொடுத்திருந்தார். ஷாலு அந்த வாக்கை வைத்துத்தான் அம்மாவிடம் ஒரு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியின் கொள்முதல் அதிகாரி நயினார் வந்தார். ஷாலு பேசினாள். சாயம் போகாதது எது, ரத்தக்கறை எதில் போகும், தையல் எங்கே முதலில் விடும் என்று அவள் சொல்லச் சொல்ல, கைகட்டி உட்கார்ந்திருந்தவர் கையை அவிழ்த்து விரிப்பைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். இனி விலை ஒன்றுதான் பாக்கி.

வெள்ளைப் பலகை ஓரத்தில் நின்றிருந்த மேடத்தின் முகம் மலர்ந்தது. இந்தக் கட்டத்தில் நல்ல கோச் என்ன செய்வார்? பிரமாதமாக ஆடியவளை, ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே வெளியே அழைப்பார். கூட்டம் எழுந்து அவளுக்கென்று தனியாகக் கைதட்ட வேண்டும் அல்லவா? ஆட்டக்காரிக்கு அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை.

மேடம் கையைத் தூக்கினார். "நன்னா ஆடினே ஷாலு. மதி, ஆடினது போரும், வெளியில வா."

"மேடம், விலை இன்னும் பேசல்லே."

"அதை சிஜி பாத்துப்பா."

ரிசப்ஷனிலிருந்து சிஜி வரவழைக்கப்பட்டாள். மேடம் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். என்ன ஏது என்று தெரியாமல் நயினாரும் தட்டினார். ஷாலு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒருவர் துண்டும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தவள், எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

"வெளியில வந்தவா திரும்பி உள்ளே போகப்படாது," என்றார் மேடம். "அது ரூலாக்கும்."

சிஜிக்கு வாசலிலேயே ஒரு உபதேசம் கிடைத்திருந்தது: முன்னால் ஓடாதே, பந்தை இழக்காதே, சந்தேகம் வந்தால் பின்னால் தட்டிவிடு. நயினார் கடைசி விலை என்ன என்று கேட்டார். சிஜி அதைப் பின்னால் தட்டினாள், மேடத்தைப் பார்த்தாள். மேடம் கோட்டுக்கு வெளியே இருப்பவர். இரண்டு உள்ளங்கையையும் கீழ்நோக்கி அசைத்து, பதற்றப்படாதே என்று காட்டினார். எப்போது சரக்கு வரும் என்று கேட்டார் நயினார்.

"சாரே, அது பின்னே பறைஞ்சா மதியா?" என்று அதையும் அப்புறம் சொல்வதாகப் பின்னால் தட்டினாள் சிஜி.

இப்படியே நெடுநேரம் போனது. பந்து ஒருமுறைகூட நம் பக்கத்தைவிட்டுப் போகவில்லை. மேடத்துக்குப் பரம திருப்தி. நயினார் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பெஞ்சில் ஷாலு.

"என்னம்மா, நல்லாத்தான பேசிக்கிட்டிருந்த? எதுக்கு எழுப்பி உட்டாவ?"

"கௌரவிச்சதாக்கும், சார்."

நயினார் கதவைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷாலு விலையைச் சொன்னாள், அதற்குமேல் ஏன் குறைக்க முடியாது என்றும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்க ஆஸ்பத்திரில துணி பாத்து வாங்க ஒரு ஆளு இல்லாமத்தான் நான் கெடந்து முழிக்கேன். வாறியா?"

ஷாலு தண்ணீரைக் கீழே வைத்தாள். "நிரந்தரமா?"

"பின்ன?"

வெற்றியைப் பகிர்ந்துகொள்ள வெளியே வந்த மேடத்திடம் நயினார் விஷயத்தைச் சொன்னார். வேறு எந்த அதிகாரியாக இருந்தாலும் அந்த இடத்தில் கண் சிவந்திருக்கும். மேடத்துக்குக் கண் கலங்கியது. ஆளெடுக்க வந்திருக்கிறார்கள்! தன் பெஞ்சைத் தேடி!

"பெரிய கிளப்போ?"

"ஆஸ்பத்திரி, மேடம். எட்டு கிளை இருக்கு."

"நல்ல டீமாட்டுத்தான் இருக்கும். அவளை வெளியில உக்கார வச்சுட மாட்டேளே?"

"மாட்டோம்."

சத்தம் கேட்டு வந்த சுந்தரராமன், ஆர்டர் என்னாயிற்று என்று கேட்டார். அதை இனி ஷாலுதான் முடிவு செய்வாள் என்றார் நயினார். ஷாலுவோடு விலை பேச நம் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று சுந்தரராமன் திரும்பிப் பார்த்தார். அடுத்த சீசனுக்குள் சிஜி தயாராகிவிடுவாள் என்று மேடம் தைரியம் சொன்னார். சுந்தரராமன் மறுபடி அழுதார். இந்தத் தடவை உரை எதுவும் நிகழ்த்தப்படவில்லை.

மேடம் அப்போதே உட்கார்ந்து ஷாலுவை விடுவிக்கும் கடிதத்தை எழுத ஆரம்பித்தார். ஒரு சொல் பிடிக்காவிட்டால் தாளையே மாற்றுகிறவர். ஆகவே அவர் எழுதி முடிப்பதற்குள் உங்களிடம் ஒன்று கேட்க நேரமிருக்கிறது. நீங்கள் பந்தையே தொட்டதில்லை, தெரியும். ஆனால் மருமகள் வைத்த ரசத்துக்கு மனசுக்குள் மார்க் போடும் ஓய்வுபெற்ற ஆசிரியையை எனக்குத் தெரியும். சொந்த வீட்டு வாசலில் விருந்தாளிகளை "உள்ள தள்ளி நில்லுங்க" என்கிற முன்னாள் கண்டக்டரையும் தெரியும். நேற்று வீட்டில் யாரையோ நீங்கள் திருத்தினீர்களே, அந்தக் குரல் எந்த வேலையில் பழகியது? இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, பெஞ்சில் உட்கார்ந்தவர் யார் என்று யோசித்தீர்களா? அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டில் யாராவது உட்கார்ந்திருக்கலாம். ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

மேடம் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார். ஷாலுவின் சுடிதார் காலரைச் சரிசெய்தார். பிறகு அவள் தோளைப் பிடித்து நயினார் பக்கம் திருப்பி, கடிதத்தையும் அவளையும் சேர்த்து ஒப்படைத்தார்.