டி பாண்டேஜும் கெட்டிச் சாயமும்

மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பம்பாயில் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லோரும் வெளியில் "தொடையில ஒரு கட்டி" என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஊரிலிருந்த உம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் கட்டி, பட்டறையில் வேலை செய்தவர்களிடம் கட்டி, பள்ளிவாசலில் விசாரித்தவர்களிடமும் கட்டி. வலது தொடையா இடது தொடையா என்பதில் மட்டும் ஆளுக்கு ஒன்றாக உளறிவிட்டேன். இரண்டு தொடையிலும் கட்டி என்றால் என்னவோ பெரிய சீக்கு என்று தாராவியில் நாலைந்து பேர் எனக்காக துஆ செய்ததாகக் கேள்வி.

இது அறுபதுகளின் நடுவில். எனக்கு வயது இருபத்தேழு. என் அக்காவைக் கட்டிய ஜப்பார் மச்சானும் நானும் தாராவியில் ஒரு சாயப்பட்டறை நடத்திக்கொண்டிருந்தோம். சிவப்பு ஒன்றுதான் எங்கள் நிறம். சிவப்புத் துண்டு, சிவப்பு மெத்தை உறை, தலையணை உறைக்கான சிவப்புத் துணி. எல்லாவற்றிலும் 'கெட்டிச் சாயம்' என்று முத்திரை குத்தியிருக்கும். உண்மையான கெட்டிச் சாயத்துக்குத் துணியைப் பல தடவை முக்கி, காயவைத்து, கொதிக்கவைத்து, மறுபடி முக்க வேண்டும். நாங்கள் ஒரே தடவை முக்கினோம். (முத்திரையை மட்டும் இரண்டு தடவை குத்தினோம்.) கடை கடையாகப் போய், "துணி கிழிஞ்சாலும் சாயம் போகாது" என்று சத்தியம் செய்தது நான்தான். தினம் பத்துக் கடையில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை மனப்பூர்வமாக நம்பிய ஒரே ஆளும் நான்தான்.

எங்கள் சிவப்பை அதிகம் வாங்கியவர் செம்பூரில் துணிக்கடை வைத்திருந்த காசிம் மாமா. அவருடைய மகள் மரியத்தைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். எல்லாம் முடிந்து, தேதி மட்டும் குறிக்க வேண்டியிருந்தது. மரியத்தை நான் ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாண வீட்டில், திரைச்சீலை காற்றில் விலகிய நேரத்தில் பார்த்திருக்கிறேன். யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அங்கேயே பிரியாணியை மறந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த நிலைமையில் அவளுடைய வாப்பாவுக்கு என் பின்பக்கத்து விவரம் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் அந்தக் கட்டியே உண்டானது.

ஆஸ்பத்திரியில் என்னை அனுப்பும்போது, புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஒரு பாடம் நடத்தினார். மராட்டிக்காரர், பெரிய மீசை. "பெஹலே வாஸ்லின் காஸ். உஸ்கே ஊபர் காட்டன். உஸ்கே ஊபர் டி பாண்டேஜ். சமஜ் கயா?" என்று விரல்விட்டுச் சொன்னார். வாஸ்லின் தடவிய காஸ் துணி முதலில், பஞ்சு அதன் மேல், எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்க டி பாண்டேஜ். அந்த டி பாண்டேஜைப் பிரித்துப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, நடுவிலிருந்து காலிடுக்கு வழியாகப் போய் முன்னால் முடிச்சுப் போட ஒரு வால். நம்ம கோவணம்! வயலில் நிற்பவன் கட்டினால் பட்டிக்காடு, வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கட்டிவிட்டால் வைத்தியம். பம்பாய்க்கு வந்த அன்றே ஜட்டிக்கு மாறி ஊர்க்காரர்களை இளக்காரமாகப் பார்த்தவன் நான். எனக்கு இது வேண்டியதுதான்.

பஞ்சை நேரடியாகப் புண்ணில் வைக்காதே, ஒட்டிக்கொள்ளும் என்றும் அவர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் காஸ் தீர்ந்துபோனது. வாங்கக் கடைக்குப் போனால் எதற்கு என்று கேட்பார்களே! பஞ்சு மெத்தென்றுதானே இருக்கிறது என்று நேராகவே வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அதை எடுக்க முயன்றபோது நான் போட்ட கூச்சலில், யாரோ சாயக் கொப்பரைக்குள் விழுந்துவிட்டார்கள் என்று ஜப்பார் மச்சான் துழாவும் கம்போடு ஓடி வந்தார்.

"எலேய் செய்யது, அறிவிருக்கால ஒனக்கு? வெந்நித் தொட்டில உக்காரச் சொன்னாங்கல்ல? ஊறினா தானா வந்துரும்லா!"

பட்டறையில் அவர் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். சாயப்பட்டறையில் வெந்நீருக்குப் பஞ்சமில்லை. பின்கட்டில் ஒரு பழைய தொட்டியைக் கழுவி, காலையும் மாலையும் அதில் உட்கார்ந்தேன். பஞ்சு தானாகவே கழன்று மிதந்தது. அந்த நிமிஷத்தின் சுகத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

பிரச்சினை பாண்டேஜில்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தவை இரண்டும் வெள்ளை. துவைத்துக் கொடியில் போட்டால், நூறு சிவப்புத் துணிக்கு நடுவே வால் வைத்த வெள்ளைத் துணி ஒன்று காற்றில் ஆடும். பக்கத்துத் தோல் பட்டறைக்காரர், "அது என்ன பாய், புது டிசைனா?" என்று கேட்டே விட்டார். அன்று இரவு என் மூளை ஒரு வேலை செய்தது. எங்கள் சிவப்புத் துணியிலேயே டி பாண்டேஜ் வெட்டிக்கொண்டால் என்ன? கொடியில் தொங்கினால் கண்ணுக்குத் தெரியாது. ரத்தம் பட்டாலும் தெரியாது. கெட்டிச் சாயம் வேறு! மறுநாள் ஆறு வெட்டினேன். டிரஸ்ஸர், "சஃபேத் கப்டா ஹி" என்று சொல்லியிருந்தார், வெள்ளைதான் வேண்டும், எவ்வளவு ரத்தம் வருகிறதென்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று. அவருக்கென்ன, அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து தேதி குறித்துவிட்டு, அடுத்த ஆர்டரையும் பேசிவிட்டுப் போவதாக மாமா சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்பதே காலுக்கே வந்துவிட்டார். நான் அப்போது தொட்டியில். அரைகுறையாகத் துடைத்து, ஜப்பார் மச்சான் வாங்கி வைத்திருந்த காஸ், பஞ்சு, சிவப்பு டி பாண்டேஜ் என்று வரிசையாகக் கட்டி, அதன் மேல் இடுப்பில் வெள்ளைச் சாரமும் வெள்ளை ஜிப்பாவும் மாட்டிக்கொண்டு ஓடினேன். முன்னறையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. மாமா உட்கார்ந்திருந்தார், தோளில் நாங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த சிவப்புத் துண்டு. எனக்கு உட்காரவே பயம். ஆனால் மாமனார் முன்னால் நின்றுகொண்டே இருந்தால் அதுவும் சந்தேகம். மெல்ல உட்கார்ந்தேன்.

"தொடை எப்படி இருக்கு மருமவனே? வலதா இடதா? ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க."

"நடுவுல மாமா" என்று வாயில் வந்துவிட்டது. ஜப்பார் மச்சானுக்குத் தேநீர் புரை ஏறியது.

முக்கால் மணி நேரம் பேசினோம். சரக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. மாமா சொன்னார்: "சில பேரு சாயம் போவுதுங்காங்க. நான் விடலியே! ஒங்க சோப்பு சரியில்லன்னு சண்டை போட்டு அனுப்பிட்டேன். நம்ம பிள்ளை பட்டறை, நமக்குத் தெரியாதா?" நான் பலமாகத் தலையை ஆட்டினேன். தேதியும் குறித்தாகிவிட்டது. மாமா துஆ ஓதினார். "வாரேன்" என்று எழுந்தார். மரியாதைக்கு நானும் எழுந்தேன்.

மாமாவின் கண் என்னைத் தாண்டி மெத்தைக்குப் போனது. விரிப்பில் ஒரு பெரிய சிவப்பு வட்டம். என்னைத் திருப்பினார். சாரத்தின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு.

"யா அல்லா! ரத்தமா?"

எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. நான் சாயக்காரன். என் சிவப்பு எனக்குத் தெரியாதா? ஆனால் 'சாயம்' என்று சொன்னால், இப்போதுதான் எனக்காகச் சண்டை போட்டதாகச் சொன்ன மனிதரின் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஆர்டர் போகும், பெயர் போகும், மரியமும் போய்விடுவாள். 'ரத்தம்' என்றால் மூலம் தெரிந்துபோகும். மானம் மட்டும்தான் போகும்.

"ஆமா மாமா, ரத்தந்தான்" என்றேன். "கட்டி இல்ல. மூலம். ஆபரேஷன் பண்ணுனேன்."

ஜப்பார் மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அதில் பாதி அருவருப்பு, பாதி தொழில்முறை மரியாதை.

பிறகு நடந்ததை நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மாமா டாக்சியைக் கூப்பிட்டார். என்னைப் பின்சீட்டில் குப்புறப் படுக்கவைத்து, தன் சிவப்புத் துண்டைத் தண்ணீரில் நனைத்து என் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் அது வேறு ஒழுகியது. "கூடுது, ரத்தம் கூடுது! ஜல்தி சலோ!" என்று டிரைவரிடம் கத்தினார். அதுவரை என்னை 'நீங்க' என்றே பேசியவர், "ஒனக்கு ஒண்ணும் ஆவாதுல, என் ரத்தத்தத் தாரேம்ல" என்று அழுதார். அந்த வயதான மனிதர் அழுவதைக் கேட்டுக்கொண்டு, ரெக்சின் சீட்டில் முகத்தைப் புதைத்துக் கிடந்தேன். வெட்கமாக இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆர்டர் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அதே மீசை டிரஸ்ஸர்தான் டியூட்டி. கட்டைப் பிரித்தார். வெள்ளைப் பஞ்சை எடுத்து ஒற்றினார், பார்த்தார். மறுபடி ஒற்றினார். சிவப்பு வாலைத் தூக்கி வாளித் தண்ணீரில் முக்கினார். வாளி முழுக்கச் சிவப்பானது.

"அரே, கூன் நஹி ஹை! ரங் ஹை, ரங்!" ரத்தம் இல்லை, சாயம். "ஜக்ம் ஏக்தம் சூகா. கிஸ் கதே னே ஐசா கப்டா பனாயா?"

புண் நன்றாக உலர்ந்துதான் இருக்கிறது, எந்தக் கழுதை இப்படித் துணி தயாரித்தது என்று கேட்டார். மாமா தன் துண்டை எடுத்து அதே வாளியில் தானும் முக்கிப் பார்த்தார். பிறகு வாசலிலிருந்த குழாயில் கையைக் கழுவினார். போகவில்லை. சோப்பு வாங்கிக் கழுவினார். போகவில்லை. துணியில் நிற்காத எங்கள் சாயம் மாமாவின் கையில் ஐந்து நாள் நின்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஸலாம் கொடுத்தவர்கள் எல்லாம், இந்த வயசில் என்ன மருதாணி என்று விசாரித்தார்களாம்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அன்று போனார். அந்த 'நீங்க' பஞ்சை உரித்ததைவிட வலித்தது. ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மரியம் போய்விட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

எட்டாம் நாள் செம்பூரிலிருந்து ஒரு கைவண்டி வந்தது. மாமா கடையில் மிச்சமிருந்த எங்கள் சரக்கு அத்தனையும் திரும்பி வந்திருந்தது. மேல் மூட்டையில் ஒரு காகிதம் செருகியிருந்தது: "குறித்த தேதியில் நிக்காஹ். சரக்கு இனி வேண்டாம். மாப்பிள்ளை வேண்டும் என்கிறாள் மரியம். மூலத்தை ஒத்துக்கொண்டாவது துணியைக் காப்பாற்றப் பார்த்தவன் வீட்டையும் காப்பாற்றுவானாம். எனக்கு அதில் உடன்பாடில்லை."

அதற்குப் பிறகு கெட்டிச் சாயத்தை முறைப்படி போட்டோம் என்று எழுத ஆசைதான். போடவில்லை. முத்திரைக்குக் கீழே 'குளிர்ந்த நீரில் மட்டும் துவைக்கவும்' என்று ஒரு வரி சேர்த்தோம், அவ்வளவுதான்.

மரியம் வீட்டில் அன்று தொடங்கிய ஒரு பழக்கம் மட்டும் போகவே இல்லை. நான் எந்த நாற்காலியிலிருந்து எழுந்தாலும், இருக்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலியைப் பார்ப்பார்கள். மாமா கடைசி வரை பார்த்தார். மச்சினன்மார் பார்த்தார்கள், அவர்கள் பிள்ளைகள் பார்த்தார்கள். போன பெருநாளில் சாப்பாடு முடிந்து சோபாவிலிருந்து எழுந்தேன். ஆறு வயதுப் பேரன், என்ன கதை என்றே தெரியாதவன், ஓடி வந்து சோபாவைக் குனிந்து பார்த்து, உள்ளே இருந்த பாட்டிக்குக் கேட்கும்படி கத்தினான், சுத்தமாக இருக்கிறது என்று: "நானி, சாஃப் ஹை!"

"இன்னொரு தடவ நல்லாப் பாரு" என்றாள் மரியம்.