நாய்க்குட்டிக்கு நீலம் போட்டேன்

பயந்த மனுஷி கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் ஒன்றுக்கு இரண்டாகச் செய்து கெடுத்துவிடுவாள். நானே சாட்சி.

யுத்த காலம். கல்யாணமான கையோடு அவர் பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டார். போகுமுன் ராஜபாளையத்தில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி வாங்கிவந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் என்னிடம் விட்டு, "அழுக்கில்லாம வெள்ளையா வச்சுக்கிடணும்" என்றார். அதுவரை அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். நாய் என்றாலே எனக்குக் குலை நடுங்கும். (அவரைக் கண்டாலும் அப்படித்தான். கடிக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.)

அவர் லீவில் வருகிற நாளில்தான் குட்டியைச் சரியாகப் பார்த்தேன். செம்மண்ணில் புரண்டு செங்கல் நிறத்தில் நின்றது. நாயைக்கூடப் பேணத் தெரியாதவள் என்று என்னைத் தளவாய்புரத்துக்கு, பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார் என்று பயம் பிடித்துக்கொண்டது.

துவைக்கிற கல்லருகே இழுத்துப்போய்த் தலையில் தண்ணீரை ஊற்றினேன். குட்டி வெடவெடவென்று நடுங்கி ஊளையிட்டது. நான் அதைவிட உரக்க ஊளையிட்டேன். நாத்தனார் எஸ்தர் ஓடிவந்தாள்.

"மதினி, எடுத்த எடுப்புல தலையிலயா ஊத்துவாக? செத்த நேரம் சும்மா தடவிக் குடுங்க. பொறவு கால்ல மட்டும் ஊத்துங்க. நடுநடுவுல இதக் குடுங்க" என்று கருவாட்டுத் துண்டுகளைத் தந்துவிட்டுப் போனாள்.

தடவத் தடவ நடுக்கம் நின்றது. ஒரு செம்பு தண்ணீர், ஒரு துண்டு கருவாடு. கடைசியில் குட்டி என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். வெளுப்பு போதுமா என்று மறுபடி பயம் வந்துவிட்டது. வேட்டிக்கு என்ன செய்வோம்? கடைசி அலசலில் நீலம் போடுவோம். போட்டேன். பயத்தில் அள்ளியே போட்டேன். முன்போல மிரண்டிருந்தால் தப்பித்திருக்கும். பாவம், கருவாட்டை மென்றபடி அசையாமல் நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டது.

காய்ந்ததும் பார்த்தால் நாய் வெயில்கால வானம் மாதிரி இருந்தது. தேய்த்துக் கழுவியும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் பூட்ஸ் சத்தம். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். குட்டி எனக்குப் பின்னால் ஒளிந்தது.

"ஏட்டி, இது நம்ம நாய்தானா?"

"வெள்ளையா இருக்கணும்னு நீங்கதான..." அதற்குமேல் அழுகைதான் வந்தது. முழங்கை வரை என் கைகளும் நீலம்.

அவர் குட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தார். அது போகவில்லை. என் காலோடு ஒட்டிக்கொண்டு அவரைப் பார்த்து உறுமியது. அவர் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சரி விடு. நானில்லாதப்ப ஒனக்குத் தொணையா இருக்கட்டும்னுதான வாங்கியாந்தேன். அது அது வேலையப் பாக்குது."

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது பயத்தில் ஒன்றை அளவுக்கு மீறிச் செய்தால் 'நீலம் போட்டாச்சு' என்பார்கள். போன மாதம் என் புது மருமகள் மாமனாருக்குப் பயந்து காப்பியில் சீனியைக் கொட்டிவிட்டாள். அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நீலம் கொஞ்சம் தூக்கல்தான் தாயி, பயப்படாத" என்றார்.