மஞ்சள் தண்ணீரும் கடற்படைச் சட்டைகளும்

மேனேஜர் என்றால் அடுத்தவர் செய்ததற்கெல்லாம் திட்டு வாங்குகிறவர் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நான் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டிருக்கவே மாட்டேன். சொல்லவில்லை. எனக்கு யாரும் எதையும் நேரத்தில் சொன்னதில்லை.

வெள்ளைக்காரன் ஜலசந்தியில் கடற்படைத் தளம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஜொகூர் பாருவில் எங்கள் முதலாளிக்கு மூன்று கடற்படைப் படகுத்துறைகளின் கரை வேலை கான்ட்ராக்ட். கப்பல்களுக்குக் குடிதண்ணீர், காய்கறி, ஆட்டிறைச்சி, எல்லாவற்றுக்கும் மேலாக அதிகாரிகளின் வெள்ளைச் சட்டைச் சலவை. இத்தனையையும் கட்டி மேய்த்தவன் நான். (மேனேஜர் என்று பலகை எழுதி மாட்டிக்கொண்டதும் நான்தான். முதலாளி கடைசி வரை 'கிராணி', அதாவது குமாஸ்தா, என்றுதான் கூப்பிட்டார்.)

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று, தங்காக்கில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தார். முதலாளிக்கு வேண்டியவர். நிலையான வேலை இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்பது அவர் கொள்கை. அவர் பெண்ணை நான் ஏற்கெனவே கோயிலில் பார்த்திருந்தேன். அதன் பிறகு வேறு பெண்ணைப் பார்க்கும் எண்ணமே எனக்கு இல்லை.

அதனால் பூஜையைத் தடபுடலாகச் செய்தேன். தராசு, தண்ணீர்க்குழாய், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, அவற்றுக்கு முன்னால், மறுநாள் அணிவகுப்புக்காகக் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்த அதிகாரிகளின் சட்டைகளைத் துறைக்கு ஒன்றாக மூன்று அடுக்கு அடுக்கினேன். ஒவ்வொன்றும் ஆள் உயரம். அதுதானே எங்கள் தொழில்?

"இவ்வளவும் தம்பி பொறுப்பா?" என்றார் தங்காக்காரர்.

"இது கொஞ்சங்க. மத்த நாள்ல வந்து பாக்கணும்" என்றேன். (மற்ற நாளில் இதில் பாதிகூட இருக்காது.)

பூஜை முடிவில் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். கரைத்தது நான். மங்கல காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கு என்று மஞ்சளைத் தாராளமாகவே போட்டேன். இது ஒரு குற்றமா? செம்பையும் மாவிலையையும் முதலாளி விருந்தாளியிடம் நீட்டி, "நீங்க பெரியவங்க, உங்க கையால தெளிங்க" என்றார். நாலு பக்கமும் ஒப்புக்குத் தெளித்துவிட்டு நிற்க வேண்டியதுதானே? மனிதர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதுபோல வீசினார். மூன்று அடுக்கும் மேலிருந்து கீழ்வரை மஞ்சள் புள்ளி. பெண் கொடுக்கப் போகிறவரின் கையை எப்படிப் பிடித்து நிறுத்துவது? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சாயங்காலம் சட்டைகள் படகேற வேண்டும். ஓடிப்போய்ச் சலவைக்காரர்களைக் கூப்பிட்டேன். "பூஜையில வச்ச பெட்டிய நாளைக்குத்தான் தொடுவோம்லா" என்று சொல்லிவிட்டுப் பொங்கல் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

"கவலைப்படாதீங்க தம்பி" என்றார் விருந்தாளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. "நல்ல சவுக்காரமா எடுங்க. தேச்சா போயிரும்."

வாழ்நாள் முழுக்கத் துணி விற்றவர் சொன்னால் நம்பாமல் இருப்பேனா? மஞ்சள் கறையில் சவுக்காரம் பட்டால் சிவந்துவிடும் என்பது மஞ்சள் பூசிக் குளிக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அன்று அங்கே ஒரு பெண்கூட இல்லை. நாங்கள் இருவரும் குழாயடியில் குந்திக்கொண்டு தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது.

"இன்னும் கொஞ்சம் சவுக்காரம் போடுங்க" என்றார் அவர்.

சட்டை வரவில்லையே என்று ஒரு துரை தானே படகில் வந்து இறங்கினார். ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருந்த ஆளை யாரோ சுட்டுவிட்டதுபோல இருந்தது. "சியாப்பா பூஞா கெர்ஜா?" என்றார். யார் வேலை இது என்று மலாயில் கேட்கிறார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் விருந்தாளியைப் பார்த்தேன். முழங்கை வரை நுரையோடு நின்ற அந்த மனிதர், கடலையே கண்டிராதவர் மாதிரி ஜலசந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோயிலில் பார்த்த முகம் ஞாபகம் வந்தது.

"நான்தான், துரை" என்றேன்.

அன்றைக்கே வேலை போயிற்று. பலகையை நானே கழற்றினேன்.

பஸ் ஏறும் இடத்தில் தங்காக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "நம்ம கடையில ஒரு ஆள் தேவைப்படுது தம்பி. நிலையான வேலைதான்" என்றார். மன்னிப்பு என்று அவரிடமிருந்து வந்தது அவ்வளவுதான். தை மாதம் கல்யாணம் ஆயிற்று.

அதோடு விட்டாரா? ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும், வந்தவர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும், "மாப்பிள்ளை கையில மஞ்சளக் குடுத்துராதீங்க, கப்பல்படையையே செவக்க வச்சவரு" என்பார். கடையில் என்னை வெள்ளைத் துணிப் பக்கமே விட்டதில்லை. என் மனைவியோ, "அப்பா தீர்த்தம்தான் தெளிச்சாரு, மஞ்சள அள்ளிக் கொட்டுனது நீங்க" என்று தீர்ப்பே எழுதிவிட்டாள்.

மாமனார் போய்ச் சேர்ந்த பிறகாவது இது ஓயும் என்று நினைத்தேன். போன பூஜைக்கு அவர் படத்துக்கு மாலை போட்டேன். திரும்புவதற்குள் என் மகன் மஞ்சள் கிண்ணத்தை எனக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தி வைத்திருந்தான். நியாயம் கேட்கப் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவர் அன்றைக்குப் போலவே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.